மௌனத்துக்கு நாலரை மதிப்பெண்

கள்ளக்குறிச்சியில் இருக்கும் மக்கள் செவிமடுப்பு மையத்தில் நாற்பது பேர் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது. இது குறை அல்ல, சாதனை. திறப்பு விழா மலரில் சாதனை என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மேசைக்கு மேசை டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு திரை, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். அவ்வளவுதான். கம்ப்யூட்டர்கள் எல்லாம் சென்னையில், குளிரூட்டிய ஓர் அறையில், சர்வர் என்ற பெயரில் கூட்டுக் குடும்பமாக வாழ்கின்றன. அங்கே நடப்பதன் படம் மட்டும் கேபிள் வழியாக இங்கே வந்து திரையில் தெரியும். டெலிபோன் சங்கதியும் அப்படியே. மேசைமேல் டெலிபோன் கிடையாது. திரைக்குள் டெலிபோன் மாதிரி ஒரு படம் இருக்கும். அதற்குச் சாஃப்ட்போன் என்று பெயர். அதுவும் சென்னையில்தான் இருக்கிறது. ஆகவே கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தால் அவர் குரல் முதலில் சென்னைக்குப் போகும். அங்கே சர்வர் அதை வாங்கி, கள்ளக்குறிச்சிக்கு அனுப்பும். இங்கே உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர் என்று கேட்டால் அந்தக் கேள்வி மறுபடியும் சென்னைக்குப் போய், அங்கே சாவகாசமாக உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மலையேறும்.

இந்தப் போக்குவரத்தில் குரலுக்குத் துணையாக ஓர் அருவியும் ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர்களின் மன அமைதிக்காக நாற்பது திரைகளிலும் கல்வராயன் மலையின் மேகம் அருவி இடைவிடாமல் கொட்ட வேண்டும் என்று மையத்தின் இயக்குநர் சுப்புராயன் உத்தரவு போட்டிருந்தார். புகைப்படம் அல்ல, வீடியோ. அருவிக்குப் பக்கத்தில் இயக்குநர் கைகூப்பி நிற்பார். தண்ணீர் விழ விழ அவர் சட்டைக் காலர் காற்றில் ஆடும். அதுவும் சென்னையிலிருந்துதான் வர வேண்டும். அருவியும் காலரும் போக, கேபிளில் மிச்சம் இடம் இருந்தால் குரல் போகலாம், ஆட்சேபணை இல்லை.

நாற்பது பேரில் ஒருத்தியான ஜெயசுதா இந்த மையத்துக்கு வேலைக்கு வந்தது மகளுக்காக.

அவள் சங்கராபுரத்துக்காரி. மகள் அபிநயா நடக்கத் தொடங்கிய நேரத்தில் சென்னையில் ஒரு கால் சென்டருக்கு வேலைக்குப் போனவள். கணவன் சின்னதுரை கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவன். வெட்டு நடக்கும் மாதங்களில் அவனுக்கு டிராக்டர்தான் வீடு. குழந்தை மாமியார் செல்லியம்மாளிடம் வளர்ந்தாள். லீவில் வரும்போதெல்லாம் அபிநயா இவளை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "எப்ப போவ?" என்று கேட்பாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு தடவை 'போகமாட்டேன்' என்று சொல்லிவிட முடிந்தால் போதும் என்று ஜெயசுதா ஏங்கினாள். வேறு எந்த ஆசையும் அவளுக்கு அப்போது இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அன்புச்செல்வன் கூப்பிட்டான். மணலூர்பேட்டைப் பையன். சென்னையில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவன். அக்கா அக்கா என்று அவள் டப்பாவிலேயே கைவைத்துச் சாப்பிட்டவன். கள்ளக்குறிச்சி மையத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தான்.

"க்கா, நம்ம ஊருக்கே வந்திருச்சிக்கா. காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வூடு. பாப்பா கூடவே இருக்கலாம். ஒரு வருசம் காண்ட்ராக்ட்டு. மார்க்கு நல்லா வந்துச்சின்னா பர்மனன்ட்டு. நான் இருக்கேன் இல்ல, இன்னா பயம் உனக்கு?"

வந்துவிட்டாள். அபிநயா கொஞ்ச நாள் சந்தேகத்தோடு கவனித்தாள். பிறகு 'எப்ப போவ' என்று கேட்பதை விட்டுவிட்டு, இரவில் அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கப் பழகினாள். அன்புச்செல்வன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். அபிநயா அவனை மாமா என்று கூப்பிட்டு, அவன் பைக் சாவியை ஒளித்துவைத்து விளையாடுவாள்.

முதல் வாரத்திலேயே ஜெயசுதாவுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"ம்மா... மோட்... ...ஞ்சி போ... ...வாரமா..."

"ஐயா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

"...ன்னா?"

"மெதுவா சொல்லுங்க!"

"...லோ? ...லோ?"

பேசியவர் சடையன். மலைமேல் ஒரு சிற்றூர்க்காரர். அவர் அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் போன் செய்தார். மையத்தின் விதிப்படி ஒவ்வோர் அழைப்பையும் ஏதாவது ஒரு துறையில் பதிந்தாக வேண்டும். புரியாத புகார்களுக்கு 'இதர' என்று ஒரு துறை வைத்திருந்தார்கள். அந்தத் துறைக்கு அதிகாரி யாரும் கிடையாது என்பதால் அங்கே போகும் புகார்கள் பதிந்த நிமிடமே 'தீர்க்கப்பட்டது' என்று முடிந்துவிடும். சடையனின் புகாரும் இப்படி நாலைந்து தடவை தீர்ந்தது.

எத்தனை தடவை தீர்ந்தும் தண்ணீர் வராததால் சடையன் பஸ் பிடித்து மலையிறங்கி நேரில் வந்துவிட்டார். வாசலில் செக்யூரிட்டி மடக்கினார்.

"உள்ள போவக் கூடாது பெரியவரே. இது காதால கேக்கற ஆபீஸு. நேர்ல வந்தவங்ககிட்ட புகார் வாங்குனா எங்க வேல போயிரும். போன் போட்டுப் பேசுங்க."

சடையன் எதிர்வாதம் செய்யவில்லை. வண்டி நிறுத்தும் கொட்டகையில் நின்று போன் போட்டார். அது ஜெயசுதாவுக்கே விழுந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி தூரம். அவர் வாய் அசைவது அவளுக்குத் தெரிந்தது. குரல் மட்டும் சென்னைக்குப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். வந்ததும் துண்டு துண்டாக வந்தது. இவள் எழுந்து நின்று, கையை ஆட்டி, கடைசியில் தன் சொந்த செல்போன் நம்பரை ஒரு காகிதத்தில் பெரிசாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். அவர் அந்த நம்பருக்குப் போட்டார்.

"இப்ப கேக்குதாம்மா? எங்க ஊரு தண்ணி மோட்டாரு எரிஞ்சி போச்சும்மா. பொம்பளைங்க எல்லாம் ஓடைக்கு நடந்துக்கினு கெடக்குறாங்க."

மோட்டார் எரிந்தது. இந்த ஒரு விஷயம் தெரிய அவ்வளவு நாள் ஆயிற்று. அவள் அன்றைக்கே உரிய துறைக்குப் பதிந்து விடாமல் துரத்தியதில், அடுத்த வாரம் மோட்டார் ஓடவும் ஓடியது. ஆனால் வேலை நேரத்தில் எழுந்து நின்றதற்கும் கண்ணாடியில் காகிதம் ஒட்டியதற்கும் ஜெயசுதாவிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

இதுபோன்ற தொல்லைகள் எல்லா மேசையிலும் நடந்ததால் இயக்குநர் கூட்டம் கூட்டினார். சர்வர் கம்பெனியிலிருந்து சுபாஷ் என்ற இன்ஜினியரும் வந்திருந்தான். சுவரில் பெரிய திரை. அதில் ஒவ்வோர் அழைப்பின் தரமும் ஐந்துக்கு எத்தனை என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் நாலுக்குக் குறையவில்லை.

"பாருங்கள்," என்றார் சுப்புராயன். "ஐந்துக்கு நாலு. இதற்கு மேல் என்ன தரம் வேண்டும்? குரல் உடைகிறது, உடைகிறது என்று சொல்கிறீர்கள். உடைந்ததாக சர்வர் சொல்லவில்லையே. உங்கள் காதை நம்புவதா, சர்வரை நம்புவதா? சர்வருக்கு மூன்று வருடம் வாரண்டி இருக்கிறது. உங்கள் காதுக்கு இருக்கிறதா?"

யாருக்கும் இல்லை.

சுபாஷ் மெல்ல எழுந்தான். "சார், அந்த மார்க்க சர்வருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவுல எடுக்கறாங்க சார். அது ரெண்டும் சென்னைல ஒரே பில்டிங். சர்வர்லருந்து இங்க வர்ற லைன அது பாக்கறதே இல்ல."

"நம்மைப் பார்க்காமலே நாலு கொடுக்கிறதா? எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் நம்மேல்!"

"சார், குரல் மட்டும் சர்வர சுத்திக்கினு வராம, இந்தப் பொட்டியிலருந்தே நேரா போறா மாரி ஒரு செட்டிங் இருக்குது. அத ஆன் பண்ணிட்டு, லைன்ல குரலுக்கு மொத எடம் குடுத்து, அந்த அருவிய நிப்பாட்டிட்டா போதும் சார். அர நாள் வேல."

சுப்புராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"தம்பி, நான் இருபத்தெட்டு வருடம் சர்வீஸில் இருக்கிறேன். ஒரு காகிதம்கூட என் மேசைக்கு நேராக வந்ததில்லை. நானும் நேராக எங்கும் போனதில்லை. எல்லாம் மேலிடம் வழியாகத்தான். குரலுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? ஒரு குடிமகன் பேசியது மேலிடத்தைத் தொடாமல் நேராக ஊழியர் காதுக்குப் போய்விட்டால், அவன் பேசினான் என்பதற்கே என்ன ஆதாரம்? அருவியைப் பற்றிப் பேசாதீர்கள். அது ஊழியர் நலத் திட்டம். அதில் நான் நிற்பது தற்செயல். தவிர, என் அறையில் எனக்குத் தெளிவாகக் கேட்கிறதே!"

கேட்கத்தான் செய்தது. திறப்பு விழாவன்று இயக்குநர் அறைப் பெட்டியில் மட்டும் சுபாஷ் அந்த செட்டிங்கை ஆன் செய்திருந்தான். அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தவன், இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கலாம் சார்" என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாதம் அவனை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் நடவடிக்கைகள் தொடங்கின. முதலில் ஊழியர்களுக்குக் குரல்வளப் பயிற்சி. திண்டிவனத்திலிருந்து ஒரு பாட்டு வாத்தியார் வந்து நாற்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஆ, ஈ, ஊ என்று அடிவயிற்றிலிருந்து எடுக்கச் சொன்னார். குரல் உடையவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு காது, மூக்கு, தொண்டை பரிசோதனை. எல்லோருக்கும் காது பிரமாதமாக இருந்தது. சர்வர் நலம், ஊழியர் தொண்டை நலம், ஊழியர் காதும் நலம். இனிப் பாக்கி இருப்பது பொதுமக்களின் காது ஒன்றுதான் என்ற முடிவுக்கு இயக்குநர் வந்தார். மலைமேல் முகாம் போட்டார்கள். மையத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் ஜனங்கள் ரோடு, கரண்ட், ரேஷன் என்று கேட்க ஓடிவந்தார்கள். வரிசையில் நிற்கவைத்து எல்லோருக்கும் காதில் சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்து அனுப்பினார்கள்.

வருடம் பாதி ஓடிவிட்டது. தனித்தனி ஊழியருக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்திருந்தார்கள். பேச்சுக்கு நடுவில் 'ஹலோ ஹலோ' என்று கத்தினால் மதிப்பெண் குறையும். ஜெயசுதாவுக்கு மற்றவர்களைவிடக் குறைவு, ஏனென்றால் அவள் புரியும்வரை விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். இப்படியே போனால் காண்ட்ராக்ட் நீளாது; மறுபடியும் சென்னைதான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அபிநயாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, யோசிக்க முடியாமல் நிறுத்திவிடுவாள்.

அன்புச்செல்வன்தான் வழி சொன்னான். டீ குடிக்க வெளியே வந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"க்கா, நீ ஏன் இப்டி கத்திக்கினு கெடக்குற? போன் பண்றவங்க நம்பரு ஸ்கிரீன்ல தெரியுது இல்ல? சாஃப்ட்போன்ல கால எடுத்துட்டு அத அப்டியே வுட்று. உன் செல்லுலருந்து அவங்களுக்குப் போடு, அத ஹோல்டுல வுட்டுட்டு உன்கிட்ட பேசுவாங்க. சாஃப்ட்போன் பாட்டுக்குத் தொறந்து கெடக்கட்டும்."

"செல்லு உள்ள கொண்டாரக் கூடாதுன்னு இப்ப போர்டு போட்டுருக்கறாங்களேடா."

"சூப்பர்வைசரு யாருக்கா? நான்தான? நான் பாக்கலன்னா யாரு பாக்கறது?"

"எதனா பிரச்சன வந்துச்சின்னா?"

"இன்னாக்கா நீ. உன் சோத்தத் துன்னவன்க்கா நான். வுட்ருவனா?"

ஜெயசுதா அவனை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஒரே மாதத்தில் நாற்பது பேரும் இந்த முறைக்கு வந்துவிட்டார்கள். புகார்கள் எல்லாம் மேசைக்கு அடியில், மடியில் வைத்த செல்போன்களில் கிசுகிசுப்பாக வாங்கப்பட்டன. முதல் தடவையாக ஜனங்களுக்கு வேலை நடந்தது. நின்ற பஸ் மறுபடி ஓடியது, கரண்ட் வந்தது, ஒரு விதவையின் உதவித்தொகை வந்தது. ஜெயசுதாவின் நம்பர் மட்டும் தனியாகப் பரவியது. மற்றவர்கள் வேலை முடிந்ததும் செல்லை அணைத்துவிடுவார்கள். அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் எடுப்பாள், அடுப்படியிலும் எடுப்பாள். சடையன் தன் ஊர் ரேஷன் கடைச் சுவரில் அந்த நம்பரைச் சுண்ணாம்பால் எழுதிவைத்தார். மலைக்காரர்கள் கோயில் மணி அடிப்பதுபோல முதலில் மையத்துக்கு ஒரு போன் அடித்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு, அவளிடம் பேசினார்கள்.

சர்வருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் அழைப்பு வருகிறது, எடுக்கப்படுகிறது, அதன் பிறகு பரிபூரண அமைதி. உடைவதற்குக் குரலே இல்லாததால் எதுவும் உடையவில்லை. மதிப்பெண் நாலரைக்கு ஏறியது. மனிதர்கள் பேசிக்கொள்ளும் இணைப்பில் இப்படி ஒரு மதிப்பெண் வர வாய்ப்பில்லை என்று அந்த மென்பொருளைச் செய்த கம்பெனியே எழுதியது. சுப்புராயன் அந்தக் கடிதத்தைப் பாராட்டுக் கடிதம் என்று சட்டம் போட்டு மாட்டினார்.

வேறு மாநிலங்களிலிருந்து குழுக்கள் வர ஆரம்பித்தன. அதிகாரிகள் அரங்கத்தின் வாசலில் நின்று உள்ளே பார்ப்பார்கள். நாற்பது பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது அருவிகள் சத்தமில்லாமல் கொட்டும்.

"கவனியுங்கள்," என்பார் சுப்புராயன், குரலைத் தாழ்த்தி. "ஒரு சத்தம் கேட்கிறதா? இதுதான் நாங்கள் கொண்டுவந்த பண்பாடு. சாதாரணமான குறைதீர்க்கும் மையத்தில் மக்கள் பேசுவார்கள், ஊழியர்கள் பதில் பேசுவார்கள், ஒரே இரைச்சல். இங்கே அந்த நிலையைத் தாண்டிவிட்டோம். எங்கள் குடிமக்கள் அழைக்கிறார்கள், நாங்கள் எடுக்கிறோம். அதற்குமேல் பேசவேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை."

குழுவினர் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஒருவர் கைதட்டப் போக, மற்றவர்கள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்கள்.

அகில இந்திய அளவில் ஒரு விருது அறிவித்தார்கள். வாங்குவதற்கு முன்னேற்பாடாக அன்புச்செல்வன் சென்னைத் தலைமையகத்துக்குப் போனான். விருதுக் குழுவில் இருந்த ஒருவர் மட்டும், வேலை இல்லாமலோ என்னவோ, மிகச் சிறந்த அழைப்பு என்று மையம் அனுப்பிய ஒலிப்பதிவை உட்கார்ந்து கேட்டுவிட்டார். அரை மணி நேரம். நடுவில் ஒரு தும்மல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

விசாரணை வந்தது. மௌனத்துக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது என்று விருதின் விதிகளில் எங்கும் இல்லாததால் விருதுக்குப் பங்கம் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் தவறு நடந்திருக்கிறது, அதை யாராவது செய்திருக்க வேண்டும். அதிகமான அழைப்புகள் எந்தத் தனியார் நம்பரில் பேசப்பட்டன என்று பார்த்தார்கள். ஜெயசுதாவைக் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் அறையில் விசாரணை. சுவர்த் திரையில் சென்னையிலிருந்து மூன்று அதிகாரிகள். அவர்கள் பக்கத்தில் புதுச் சட்டையோடு அன்புச்செல்வன். அவனைப் பார்த்ததும் ஜெயசுதாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. நம் ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான்; சொல்லிவிடுவான்.

"மேற்பார்வையாளர் சொல்லலாம்," என்றார் நடு நாற்காலிக்காரர்.

"ஐயா, தனிப்பட்ட செல்போன் அரங்கத்துக்குள் வந்திருக்கிறது என்ற செய்தி எனக்குப் பெரும் அதிர்ச்சியளிக்கிறது," என்றான் அன்புச்செல்வன். "ஜெயசுதா என்ற அந்தப் பணியாளரைப் பலமுறை வாய்மொழியாக எச்சரித்திருக்கிறேன். கண்ணாடியில் காகிதம் ஒட்டிய குற்றத்துக்காக ஏற்கெனவே அவருக்கு நோட்டீஸ் தரப்பட்டுள்ளது. மற்ற பணியாளர்களையும் இவர்தான் இந்தப் பழக்கத்துக்கு இழுத்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்."

இயக்குநர் அறையின் பெட்டியில் செட்டிங் சரியாக இருந்ததால் ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை. மையத்தின் பெட்டி வழியாக ஜெயசுதா தெளிவாகக் கேட்ட முதல் குரல் அதுதான். அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் 'அந்தப் பணியாளர்' என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னது. அவளுக்கு அழுகை வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே, அவள் பேச வேண்டிய முறை வந்தபோது, "அவருக்கே தெரியுங்க" என்பதற்குமேல் வாய் வரவில்லை. அவருக்கே தெரியும் என்பதை அவர் தெரியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டபடியால் அது பதிவாகவில்லை.

தீர்ப்பை சுப்புராயன் வாசித்தார். ஜெயசுதாவின் காண்ட்ராக்ட் அன்றோடு முடிகிறது. அவருடைய செல்போன் எண், பொதுமக்களின் பெரும் நம்பிக்கையைப் பெற்றுவிட்டபடியால், இனி மையத்தின் சொத்து. அதை ஒப்படைத்தால்தான் அனுபவச் சான்றிதழ் தரப்படும்.

"உங்களுக்குப் பெருமைதானே அம்மா," என்றார் அவர், உண்மையாகவே சந்தோஷமாக. "ஒரு நம்பருக்கு அரசு மரியாதை கிடைப்பது லேசில்லை. நம்பர் நல்ல நம்பர். வைத்திருந்த ஆள்தான் விதியை மீறிவிட்டார்."

அனுபவச் சான்றிதழ் இல்லாவிட்டால் சென்னையில்கூட வேலை கிடைக்காது. கொடுத்தாள். பேர் மாற்றக் கையெழுத்தும் போட்டாள். சிம்மை வாங்கிக்கொள்ள அன்புச்செல்வனே வந்திருந்தான். ஜெம் கிளிப்பை நிமிர்த்திக் குத்தி அவள் போனிலிருந்து அதை எடுத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ சொல்லித்தானடா செஞ்சேன்," என்றாள்.

"க்கா, புரிஞ்சிக்கக்கா. நான் மேல போனாதான் உன்ன மாரி ஆளுங்களுக்கு எதனா செய்ய முடியும்."

"உன்ன மாரி ஆளுங்கன்னா யாருடா? சோறு போட்டவங்களா?"

அவன் சிம்மைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே 'மையச் சொத்து' என்று எழுதினான்.

சென்னைக்குக் கிளம்பிய நாளில் அபிநயா எதுவும் கேட்கவில்லை. 'எப்ப போவ' என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. பை வாசலில் இருந்தது. ஜெயசுதா அவளைத் தூக்கப் போனாள். அவள் செல்லியம்மாளின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

புது கம்பெனி, புது நம்பர். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பழைய நம்பரை மையத்தில் சாஃப்ட்போனோடு இணைத்துவிட்டார்கள். மலைக்காரர்கள் அதற்குப் போன் செய்தால் உடனே எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு துண்டு துண்டாகச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இப்போது வாசலிலேயே சோதனை போட்டு எல்லோருடைய செல்போனையும் வாங்கிவைத்துவிடுகிறார்கள். ஜெயசுதா பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டாள், நம்மிடம் பேசமாட்டேன் என்கிறாள் என்று சடையன் ஊரில் பேச்சு. ரேஷன் கடைச் சுவரில் இருந்த நம்பர்மேல் யாரோ சாணியை அப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னது எழில்மதி. மையத்தில் ஜெயசுதாவுக்குப் பக்கத்து மேசைக்காரி.

"க்கா, இன்னொன்னு சொல்லணும். எப்டி சொல்றதுன்னே தெரியல. உன் பழைய நம்பருக்கு டெய்லி சாயங்காலம் ஒரு கால் வருதுக்கா. நாலு மணிக்கு மேல. சங்கராபுரத்துலருந்து. நம்ம பாப்பாக்கா."

ஜெயசுதா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அபிநயாவா?"

"ம். அம்மா, அம்மான்றது மட்டும் வுட்டு வுட்டு வருது. நான் அம்மா இல்ல கண்ணு, எழில் சித்தி பேசறேன், அம்மா மெட்ராஸ்ல இருக்காங்க, வேற நம்பருன்னு எவ்ளோ சொல்லிட்டேன். ஒண்ணும் போய்ச் சேரலக்கா. வைக்கவும் மாட்டேங்குது. லைன்லயே இருக்குது."

"அன்புக்குத் தெரியுமா?"

எழில்மதி குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும்க்கா. அவருதான் பாப்பா போடற போனப் பத்தி ஆண்டு அறிக்கைல போடச் சொன்னாரு. 'சங்கராபுரம் வட்டத்தைச் சேர்ந்த ஒரு குடிமகள் மையத்தின்மேல் கொண்ட நம்பிக்கையால் நாள்தோறும் தவறாமல் அழைக்கிறார், நெடுநேரம் இணைப்பிலேயே இருக்கிறார்'னு விருது விழாவுல படிச்சாரு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க."

அந்தப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியவன் அவன். ஜெயசுதா எழில்மதியின் இணைப்பைத் துண்டித்தாள். பிறகு வீட்டுக்குப் போட்டாள். செல்லியம்மாள் எடுத்து அபிநயாவிடம் கொடுத்தாள்.

"கண்ணு, அம்மாவோட பழைய நம்பருக்கா போடுற நீ?"

"ம்."

"அது இப்ப அம்மா நம்பரு இல்லடா தங்கம். புது நம்பர் ஆயாகிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்தேன் இல்ல? அதுக்குப் போடு."

"அதுக்குப் போட்டா நீ எடுக்கவே மாட்டேங்கற," என்றாள் அபிநயா. "அதுல ஒடனே எடுக்கற. பேச மாட்ட, ஆனா எடுக்கற. நான் பரிச்ச மார்க்கு எல்லாம் சொன்னேன். கேட்டுச்சாம்மா?"

ஜெயசுதா போனை வைக்காமல் லைனிலேயே இருந்தாள். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.